பாரிசுக்குப் போன சட்டைகள்

கேள்வி: மருத்துவக் கல்லூரி மாணவர்கள் செல்போனுக்கு அடிமையாகிக் கிடக்கிறார்களே! படிப்பில் நொந்து, வெறுத்துப் போவதற்கு அதுதானே காரணம்? போனைப் பிடுங்கிவிட்டால் சரியாகிவிடாதா?

பதில்: மருத்துவப் படிப்பையும் 'அடிமை'யையும் ஒரே மூச்சில் சொல்லாதீர்கள், எனக்கு ஹால்ஸ்டெட் ஞாபகம் வந்துவிடும். வில்லியம் ஹால்ஸ்டெட், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைத் துறையின் முதல் தலைவர். பயிற்சி மருத்துவர் ஆஸ்பத்திரியிலேயே குடியிருந்து இரவு பகல் பாராமல் உழைக்க வேண்டும் என்ற ஏற்பாட்டுக்குத் தகப்பனார். அவ்வளவு தெம்பு மனிதருக்கு எங்கிருந்து வந்தது? கொக்கெயின் மரத்துப்போகச் செய்யுமா என்று 1884 வாக்கில் தன் உடம்பிலேயே ஊசி போட்டுப் பார்த்து மாட்டிக்கொண்டவர் அவர். சிகிச்சைக்குப் போனார், திரும்பும்போது மார்ஃபின் பழக்கமும் கூடவே வந்தது. அவருடைய சட்டைகள் சலவைக்குப் பாரிசுக்குக் கப்பலேறுமாம். சிஷ்யர்கள் வார்டில் கண்விழித்துக் கிடக்க, சட்டைகளாவது வெளிநாடு போய் ஓய்வெடுத்துவிட்டு வந்தன. பயிற்சி மருத்துவர்களை வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல் வதைக்கக் கூடாது என்று அந்த நாடு முழுவதற்கும் விதி வந்ததே 2003-ல்தான்.

சரி, போன். இது பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே அச்சு. போன் மோகத்துக்கு ஒரு கேள்வித்தாள், நீங்கள் சொல்லும் நொந்து வெறுத்துப் போவதற்கு, அதாவது பர்ன்அவுட்டுக்கு, இன்னொன்று. இரண்டையும் ஒரே நாளில் மாணவரிடம் நீட்டுவார்கள். நிரப்புவது எதில்? பல நேரம் போனில்தான்! இரண்டு மதிப்பெண்ணும் சேர்ந்து ஏறுகின்றன என்று முடிவு வரும். எது முதலில் ஏறியது என்பதற்கு அதில் பதில் கிடையாது. களைத்தவன் போனை எடுக்கிறான், போன் தூக்கத்தைத் தின்கிறது, மறுநாள் இன்னும் களைக்கிறான். இதில் எந்த முனையை நீங்கள் பிடுங்கப் போகிறீர்கள்?

ராத்திரி போனைப் படுக்கைக்கு எட்டாத தூரத்தில் வைக்கச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். பகலில் பிடுங்கினால் பாடப்புத்தகம், பழைய வினாத்தாள், நாளைய வகுப்பு மாறிய செய்தி எல்லாம் அதோடு போய்விடும். அந்தச் செய்தியை நள்ளிரவில் குரூப்பில் போடுபவரும் பேராசிரியர்தான்.

அந்தப் பேராசிரியர்களுடன்தான் என் பழைய சண்டை. ஸ்லைடில் இருப்பதை அப்படியே வாசிப்பதற்கு ஒரு மணி நேரம், அதற்கு வருகைப் பதிவு வேறு. அங்கே மாணவன் போனைப் பார்க்காமல் இருந்தால்தான் அவனை டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பர்ன்அவுட்டுக்கு உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் 1981-ல் தந்த அளவுகோலில் மூன்று கூறுகள்: மனம் வற்றிப்போவது, எதிரே இருப்பவரை ஆளாகவே பார்க்காதது, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம். நடுவில் உள்ளதுதான் எனக்குப் பயம். நோயாளி 'பதினாலாம் பெட்' ஆவது அங்கேதான். அதைப் பையன் போனிலா கற்றான்? ரவுண்ட்ஸில் சீனியர் பேசுவதைக் கேளுங்கள்.

இதைப் படித்துவிட்டு நம் பத்திரிகையின் மருத்துவப் பகுதி டாக்டர் ராத்திரி ஒரு மணிக்கு வாட்ஸப்பில் மறுப்பு அனுப்புவார். அனுப்பட்டும், போட மாட்டேன்.