இடுப்பு வலிக்கு மணிக்கு ஒருமுறை மார்க் போடுகிறேன், குறையவே இல்லையே டாக்டர்!

கேள்வி: எனக்கு 43 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் பவர் டேபிளில் தைக்கிறேன். ஐந்து மாதமாக இடுப்பு வலி. எம்.ஆர்.ஐ.யில் ஜவ்வு பிதுங்கியிருக்கிறது என்றார்கள். வலியை 0 முதல் 10 வரை எண்ணாக எழுதிவரும்படி பிசியோதெரபிஸ்ட் சொன்னார். மணிக்கு ஒருமுறை எழுதுகிறேன். ஆறு வாரமாக 6, 7, 6 என்றே இருக்கிறது. அவர் சொன்ன பயிற்சியைத் தொடங்கியபோது அரை ஷிப்ட்டோடு வீட்டுக்கு வந்துவிடுவேன். இப்போது முழு ஷிப்ட் போகிறேன். பயிற்சியால் பலன் இல்லாததால் விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள் அம்மா. கடைசியில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஷிப்ட் கணக்கில்தான் பலன் இருக்கிறது. அரை ஷிப்ட் தைத்துவிட்டு வந்த 6-ம், முழு ஷிப்ட் தைத்துவிட்டு வருகிற 6-ம் ஒன்றல்ல. வேலை இரண்டு மடங்காகியும் வலி ஏறவில்லை. நாள்பட்ட இடுப்பு வலியில் இப்படித்தான் பலருக்கும் வேலை செய்யும் திறன் முதலில் திரும்பும், வலி பிறகு மெல்ல இறங்கும். வலியை மட்டும் எழுதியதால் உங்கள் நோட்டில் இது பதியாமல் போய்விட்டது.

வலி எண் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் போன்றதல்ல. தூக்கம் கெட்டாலும், பிள்ளையின் ஃபீஸ் கவலை இருந்தாலும் அது ஏறும். மணிக்கு ஒருமுறை ‘வலிக்கிறதா?’ என்று இடுப்பைக் கேட்டுக்கொண்டே இருந்தால் கவனம் முழுக்க அங்கேயே நிற்கும், வலியும் பெரிதாகத் தெரியும். இரவு படுக்கும்முன் ஒருமுறை, அன்றைய சராசரி வலியை எழுதினால் போதும். பக்கத்திலேயே எத்தனை மாத்திரை போட்டீர்கள் என்றும் குறியுங்கள். இரண்டு மாத்திரை போட்ட நாளின் 4-ஐயும் மாத்திரை இல்லாத நாளின் 4-ஐயும் நான் ஒன்றாகப் பார்க்க மாட்டேன்.

அடுத்து, வலியால் தடைப்படுகிற மூன்று வேலைகளை நீங்களே தேர்ந்தெடுங்கள். ‘உட்கார முடியவில்லை’ என்று பொதுவாக எழுதினால் மாற்றம் பிடிபடாது. ‘எழுந்து நிற்காமல் ஒரு மணி நேரம் தைப்பது’, ‘தண்ணீர்க் குடத்தைத் தூக்கி அடுப்படிக்குக் கொண்டுபோவது’, ‘தரையில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது’ என்று எழுதுங்கள். வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொன்றுக்கும் மார்க் போடுங்கள். அறவே முடியவில்லை என்றால் 0, வலி வருவதற்கு முன்பு போலவே முடிகிறது என்றால் 10. வலிக் கணக்கில் எண் இறங்கினால் நல்லது, இதில் ஏறினால் நல்லது. இரண்டையும் ஒரே பத்தியில் எழுதிக் குழம்பிக்கொள்பவர்கள் நிறைய. தனித்தனிப் பக்கத்தில் எழுதுங்கள். மூன்றின் சராசரி 2 மார்க் ஏறினாலே அது உண்மையான முன்னேற்றம். ஒரு மார்க் ஏற்ற இறக்கத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.

மருத்துவமனைகளில் ஆஸ்வெஸ்ட்ரி என்ற கேள்வித்தாள் உண்டு. 1980-ல் வெளியானது. நடப்பது, உட்காருவது, தூங்குவது, பயணம் என்று பத்துப் பகுதிகள். உங்கள் பிசியோதெரபிஸ்ட் அதையும் மாதம் ஒருமுறை நிரப்பச் சொல்லலாம். ஆனாலும் குடம் தூக்குவதைப் பற்றி உங்களைவிட எந்தத் தாளும் நன்றாகச் சொல்லாது.

நோட்டைப் புரட்டும்போது இன்னொன்றும் கண்ணில் படும். வலி குறைந்த நாளில் வீட்டு வேலை மொத்தத்தையும் இழுத்துப்போட்டுச் செய்திருப்பீர்கள், அடுத்த இரண்டு நாள் படுத்திருப்பீர்கள். அப்படித் தெரிந்தால் நல்ல நாளில் கொஞ்சம் நிறுத்திக்கொள்ளுங்கள். மோசமான நாளில் சிறிதாவது நடங்கள்.

ஜவ்வுப் பிதுக்கம் பற்றிக் கலங்காதீர்கள். வலியே இல்லாத 40 வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்தாலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது இருக்கிறது. பயிற்சியைத் தவறாமல் செய்தும் இன்னும் ஆறு வாரத்தில் இரண்டு கணக்கும் அசையவில்லை என்றால், நோட்டோடு மருத்துவரைப் பாருங்கள். சிகிச்சையை மாற்றலாம்.

காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ சேர்ந்து வந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம். பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைபடுவது, தன்னை அறியாமல் மலமோ சிறுநீரோ கசிவது, பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவுவது: இவற்றில் எது வந்தாலும் நோட்டைத் தேடாமல் அன்றே, இரவானாலும், பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.