கிரேஹவுண்டு வீட்டுக்கு வந்த பிறகு: கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கிரேஹவுண்டு வளர்க்கும் குடும்பங்கள் குறைவு. இருக்கும் நாய்கள் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவில் பந்தயம் ஓடி ஓய்வு பெற்றவை. அங்கே வேலை பார்த்த நம்மவர்கள் தத்தெடுத்து, ஊர் திரும்பும்போது உடன் அழைத்து வந்தார்கள். நான் கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக நெடுங்காலம் வேலை பார்த்தவள். என் வீட்டிலும் ஒரு பெட்டை வளர்கிறது. அதனால் கேள்விகளை எனக்கே அனுப்பச் சொன்னேன். மருந்தின் அளவை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், அது மருத்துவர் சொல்ல வேண்டியது. அவரிடம் போகும்போது முதல் வார்த்தையாக "இது கிரேஹவுண்டு" என்று சொல்லிவிடுங்கள். இந்த இனத்தின் ரத்தமும் தோலும் மருந்தை ஏற்கும் விதமும் வேறு.

கேள்வி (ஜாலோங்): அக்கா, எங்கள் நாய்க்கு விலா எலும்பு தெரிகிறது. பட்டினி போடுகிறாயா என்று எதிர்வீட்டுப் பாட்டி தினமும் கேட்கிறார். சோற்றைக் கூட்டலாமா?

பதில்: வேண்டாம், தங்கச்சி. கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் லேசாகத் தெரிவதும், இடுப்பெலும்பின் முனைகள் புலப்படுவதும் இந்த இனத்தில் நல்ல உடம்புக்கு அடையாளம். தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவு. முதுகெலும்பு நெடுகத் துருத்தி நின்று தொடைச் சதையும் வற்றினால்தான் கவலைப்பட வேண்டும். அப்போது முதலில் மலத்தைப் பரிசோதித்துக் குடற்புழு இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டை ஏறத்தாழ 25 முதல் 32 கிலோ, ஆண் 30 முதல் 40 கிலோ இருக்கும். பந்தய நாள் எடைக்கு மேல் ஓரிரு கிலோ ஏறினால் போதும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு கிலோவையும் அந்த மெல்லிய கால்கள்தான் சுமக்க வேண்டும்.

காலையும் மாலையுமாகப் பிரித்துக் கொடுங்கள். தின்றவுடன் ஓடவோ விளையாடவோ விடாதீர்கள். நெஞ்சு ஆழமான நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும், அது சில மணி நேரத்தில் உயிரைக் குடிக்கும். சோறு போடலாம், அவித்த கோழிச் சதையும் சேர்க்கலாம். குழம்பு ஊற்றிய சோறு மட்டும் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். அவித்த எலும்பு உடைந்து குடலைக் குத்தும். தீபாவளிக்கு மறுநாள் எங்கள் மருத்துவமனைக்கு வந்த வாந்தியும் வயிற்றுப்போக்கும் பெரும்பாலும் வீட்டார் பாசத்தோடு ஊட்டியதால் வந்தவை.

பல்லையும் தினமும் தேய்த்துவிடுங்கள். இந்த இனத்துக்குப் பல் சீக்கிரம் கெடும். மனிதர்களின் பற்பசை வேண்டாம், நாய்க்கென்று விற்பதை வாங்குங்கள்.

கேள்வி (சாலாக்): சாதாரணக் கழுத்துப் பட்டை போதுமா?

பதில்: போதாது. தலையைவிடக் கழுத்து பருமன், பின்வாங்கினால் பட்டை உருவிக்கொண்டு வந்துவிடும். இழுத்தால் ஓரளவு மட்டும் இறுகும் இரட்டை வளையப் பட்டை, அகலமானதாக வாங்குங்கள்.

கேள்வி (தமிழ்ப்பள்ளி ஆசிரியை): பள்ளி முடிந்து இரண்டரை மணிக்குத்தான் எனக்கு நேரம் கிடைக்கிறது. அப்போது நடக்க அழைத்துப் போகலாமா?

பதில்: கூடவே கூடாது, டீச்சர். நம் ஊரில் அந்நேரம் 33 பாகை வெயில், அதோடு காற்றில் ஈரம். நாய் மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். ஈரக் காற்றில் அந்த வழியும் அடைபடும். இந்த நாயின் உடம்பில் சதை அதிகம், ஓடினால் சூடு மளமளவென்று ஏறும். விடியும் முன் ஒரு நடை, இருட்டிய பின் ஒரு நடை, ஒவ்வொன்றும் இருபது முப்பது நிமிடம் போதும். மீதி நேரம் தூங்கிக் கிடக்கும், அது சோம்பல் அல்ல. தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும்.

நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, கால் தள்ளாடினால் உடம்பு முழுவதும் குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சி விசிறியின் முன் கிடத்துங்கள். நனைத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். எழுந்து நின்றுவிட்டதே என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள், உள்ளுறுப்பின் சேதம் மறுநாள்தான் வெளியே தெரியும்.

கேள்வி (செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் இளைஞர்): அக்கா, ஓடுவதற்கென்றே பிறந்த நாயைக் கயிற்றில் கட்டி நடத்துவது கொடுமை இல்லையா? நான் விடியற்காலையில் தோட்டத்துச் சாலையில் அவிழ்த்துவிடுகிறேன். ஆள் நடமாட்டம் கிடையாது. கூப்பிட்டால் வந்துவிடும்.

பதில்: தம்பி, இன்றைக்கே நிறுத்துங்கள். கிரேஹவுண்டு மோப்பத்தை நம்பி அல்ல, கண்ணை நம்பித் துரத்தும் நாய். தூரத்தில் ஓர் உடும்பு அசைந்தால் போதும், உங்கள் குரல் அதன் காதில் ஏறாது. மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். நீங்கள் பெயர் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு நிரை தாண்டியிருக்கும்.

அந்தத் தோட்டத்தில் என்னென்ன கிடக்கிறது என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். வெட்டி அடுக்கிய மட்டைகளின் முள் இருக்கிறது. மற்ற நாய்க்குக் கீறலாக முடிவது இதற்குத் தையல் போடும் கிழிசலாகும், அவ்வளவு மெல்லிய தோல். காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணி இருக்கிறது. கண்ணில் விஷத்தைப் பீய்ச்சும் நாகம் இருக்கிறது. குலை ஏற்றும் லாரி இருக்கிறது. எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது மரத்தடியில் வைக்கும் எலி மருந்துக்கட்டியைத்தான். அது ரத்தத்தை உறையவிடாது. தின்ற அன்று நாய் துள்ளிக்கொண்டிருக்கும். மூன்று நான்கு நாள் கழித்து ஈறு வெளுக்கும், மூச்சு வாங்கும், அதற்குள் உள்ளே ரத்தம் கசிந்திருக்கும். வைட்டமின் கே1 இதற்கு மாற்று மருந்து, வாரக்கணக்கில் கொடுக்க வேண்டிவரும். தின்றதைக் கண்டால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் மருந்தின் உறையோடு ஓடுங்கள். எலியைப் பிடிக்க வெண்கூகை என்ற ஆந்தையை வளர்க்கும் தோட்டங்களும் உண்டு. அங்கேயும் மருந்து வைக்கவில்லை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் நம்பாதீர்கள்.

கேள்வி (ஓய்வு பெற்ற மண்டோர், அதாவது தோட்டக் கங்காணி): அம்மா, குறுக்கே பேசுவதற்கு மன்னியுங்கள். நாங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வளர்த்த நாய்கள் ஒன்றுகூடக் கட்டிக் கிடந்ததில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம் வரை எங்களோடு வந்து தாமாகவே வீடு திரும்பும். தம்பி சொல்வதில் தப்பில்லை.

பதில்: ஐயா, லயத்து நாயின் அறிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது அங்கேயே பிறந்து, எந்த வழியில் லாரி வரும், எந்தப் புதரில் பாம்பு கிடக்கும் என்று தாயிடம் கற்றது. கற்காதவை சாகவும் செய்தன, அவற்றை நாம் எண்ணி வைக்கவில்லை. இந்த நாய் கூண்டில் வளர்ந்து, பந்தயத் திடலில் வட்டமாக ஓடியது. மாடிப்படியும் கண்ணாடிக் கதவும் என்னவென்றே தெரியாமல் வந்தது. தொலைந்தால் வீட்டுக்கு வழி கண்டுபிடிக்க அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

கேள்வி (லிந்தாங்): எங்கள் தாத்தா ஊரின் சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் இதே உடல்வாகுதானே? அவற்றை அவிழ்த்துவிட்டுத்தான் முயல் பிடித்தார்கள்.

பதில்: அவையும் கண்ணால் வேட்டையாடும் நாய்களே, அதனால் கயிறு அவற்றுக்கும் பொருந்தும். முயல் பிடித்தது விருதுநகர்ப் பக்கத்து வெட்டவெளிக் கரிசலில். அங்கே நாய் எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். செம்பனைக்குள் நான்காவது நிரைக்கு அப்பால் என்ன தெரியும்?

கேள்வி (அதே இளைஞர்): சரி அக்கா, அவிழ்க்கவில்லை. ஆனால் அது ஓடவே வேண்டாமா? நான் அதைத் தத்தெடுத்ததே அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான்.

பதில்: ஓடட்டும், தம்பி. நானும் அதைப் பார்க்க ஆசைப்படுகிறவள்தான். டவுனில் வலை அடைத்த புட்சால் திடல் இருந்தால், காலையில் ஆள் இல்லாத நேரத்துக்கு உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள். இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து வாடகைக்கு எடுத்தால் ஆளுக்குச் சில வெள்ளிதான் ஆகும். கதவைத் தாழிட்டு, தரையில் கம்பியோ கண்ணாடியோ இல்லை என்று நடந்து பார்த்துவிட்டு அவிழ்த்துவிடுங்கள். இரண்டு நாய்கள் சேர்ந்து ஓடினால் வாய்ப்பூட்டுப் போடுங்கள். விளையாட்டுக் கடிகூட இந்தத் தோலைக் கிழிக்கும். சில நிமிடம் பறந்துவிட்டுத் தானாகப் படுத்துக்கொள்ளும். ஓடி முடித்த பிறகு சிறுநீர் கறுத்துப் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், சதை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று பொருள்.

(இந்த விவாதத்துக்கு இன்னும் பலர் எழுதியிருக்கிறார்கள். என் பதில் மாறாது, அதனால் மற்றக் கேள்விகளுக்குப் போகிறேன்.)

கேள்வி (தாமான் குடியிருப்பு வாசி): என் நாய் ரொம்ப மெலிந்திருக்கிறது. சத்து மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள். மாத்திரை வேண்டாம்.

கேள்வி (கோலகங்சார்): ரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவு, தட்டணுக்களும் குறைவு என்று வந்திருக்கிறது. ஆயுள் முழுவதும் மாத்திரை போட வேண்டும் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படாதீர்கள், நல்ல கேள்வி கேட்டீர்கள். ஆய்வுக்கூடத் தாளில் அச்சிட்டிருக்கும் அளவுகள் பொதுவான நாய்களுக்கானவை. நலமான கிரேஹவுண்டுக்கே தைராய்டு அளவு அதற்குக் கீழேதான் இருக்கும். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைவாக இருக்கும், சிறுநீரகத்தைக் காட்டும் கிரியேட்டினின் சற்றே கூடுதலாக இருக்கும். தைராய்டு அளவு என்ற ஓர் எண்ணை மட்டும் வைத்து மாத்திரை தொடங்க வேண்டாம் என்று மருத்துவரிடம் பணிவாகக் கேளுங்கள். தொடையில் முடி உதிர்ந்திருப்பதையும் சாட்சியாகச் சொல்வார்கள். இந்த இனத்தில் அது தைராய்டு கோளாறு இல்லாமலேயே வரும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கிரேஹவுண்டின் ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 முதல் 65 விழுக்காடு வரை இருக்கும். 40 என்று வந்தால் தாளில் சரியாகத்தான் தெரியும், ஆனால் இந்த நாய்க்கு அது ரத்தசோகையாக இருக்கலாம். நம் ஊரில் உண்ணி பரப்பும் எர்லிகியா, பபேசியா என்ற நோய்கள் இரண்டும் சர்வசாதாரணம். தட்டணுக்கள் குறைவு என்பதை "இனத்தின் இயல்பு" என்று தள்ளிவிடாமல், உண்ணிக் காய்ச்சலுக்கென்று தனிப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். தினமும் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி தேடுங்கள். கொசுவால் வரும் இதயப்புழுவுக்கு மாதத் தடுப்பு மருந்தையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி (ஈப்போ): அடுத்த வாரம் கருத்தடை அறுவை. ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பதில்: வாசலிலேயே "இது கிரேஹவுண்டு" என்று சொல்லிவிடுங்கள். தயோபென்டல் என்ற மயக்க மருந்து இந்த இனத்தின் ஈரலில் மெதுவாகவே கரையும், நாய் நெடுநேரம் எழாது. வேறு நல்ல மருந்துகள் இருக்கின்றன. அறுவை நன்றாக முடிந்து வீடு வந்த பிறகு, ஒன்றரை நாள் இரண்டு நாளில் தையலைச் சுற்றி ரத்தக்கட்டு பரவுவது கிரேஹவுண்டில் நடக்கும். அதைத் தடுக்க மருந்து உண்டு, முன்கூட்டியே மருத்துவரிடம் பேசுங்கள். வார இறுதியில் மருத்துவமனை பூட்டியிருக்கும் என்றால், வெள்ளிக்கிழமை அறுவைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: காய்ச்சலாக இருக்கிறது. பனடோல் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. மனிதர்களின் வலி மாத்திரை எதுவும் கூடாது.

கேள்வி (லிந்தாங்): தூங்கும்போது மகன் தொட்டான், உறுமிவிட்டது. கெட்ட நாயா?

பதில்: இல்லை. கூண்டில் தனியே தூங்கிப் பழகிய நாய், திடீரென்று தொட்டால் திடுக்கிடும். பெயர் சொல்லி எழுப்பிய பிறகு தொடச் சொல்லுங்கள். படுக்கையை ஆள் நடக்காத மூலைக்கு மாற்றி, சிமெந்துத் தரையில் தடித்த மெத்தை போடுங்கள். பிள்ளை படுக்கைக்குள் போகக் கூடாது.

கேள்வி (சாலாக்): எலும்பு தெரிகிறதே அக்கா, எத்தனை கப் சோறு?

பதில்: முதல் பதில், தம்பி. இதற்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதமாட்டேன்.

கேள்வி: குட்டி எங்கே கிடைக்கும்? என்ன விலை?

பதில்: குட்டி தேடாதீர்கள். மக்காவ் நாய்ப் பந்தயத் திடல் 2018இல் மூடப்பட்டபோது 500க்கும் மேற்பட்ட நாய்களுக்கு வீடு தேட வேண்டியிருந்தது. நியூசிலாந்து அரசும் பந்தயத்தை முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக 2024 டிசம்பரில் அறிவித்தது. வளர்ந்த நாய்கள் காத்திருக்கின்றன. உரிமம் பற்றி நகராண்மைக் கழகத்திலும், இறக்குமதி பற்றி மாவட்டக் கால்நடை அலுவலகத்திலும் கேளுங்கள்.

கேள்வி (ஜாலோங்): எட்டு வயது ஆண் நாய். இரண்டு வாரமாக முன்னங்காலை நொண்டுகிறது. எண்ணெய் தேய்த்துவிடுகிறோம், குறையவில்லை.

பதில்: தேய்ப்பதை நிறுத்துங்கள் ஐயா. முதலில் பாதத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். பாதத்தின் மெத்தையில் வட்டமாகக் கெட்டிப்பட்டிருந்தால் அது ஆணி. இந்த இனத்துக்கு அடிக்கடி வரும், கல் தரையில் நொண்டும், புல்லில் சரியாக நடக்கும். மருத்துவர் செதுக்கிவிடுவார். ஆணி இல்லையென்றால், அல்லது தோளருகிலோ மணிக்கட்டருகிலோ வீக்கம் தெரிந்தால், எலும்புப் புற்றாக இருக்கலாம். வயதான கிரேஹவுண்டை அதிகம் கொல்லும் நோய்களில் அது ஒன்று. அரித்துப்போன எலும்பு சின்னக் குதிப்பிலும் முறியும். காரில் ஏறும்போது தூக்கிவிடுங்கள், மாடிப்படி ஏற விடாதீர்கள். நாளை காலையிலேயே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.