கீகேடில் நானே வரைந்த சின்தசைசர் உதிரிபாக லைப்ரரியை மற்றவர்களுக்கு எப்படிக் கொடுப்பது?

கேள்வி கேட்டவர் யூரோராக் மாட்யூல்கள் (ஒரே சட்டத்தில் பொருத்தும் சின்தசைசர் துண்டுகள்) செய்கிறவர். ஜாக், பாட் (திருகும் பொட்டென்ஷியோமீட்டர்), பழைய ஐசி என்று நாற்பது ஐம்பது உதிரிகளுக்கு, சர்க்யூட் போர்டு வரையும் மென்பொருளான கீகேடில் சிம்பலும் (சர்க்யூட் படத்தில் வரும் குறி) ஃபுட்பிரிண்ட்டும் (போர்டில் கால்கள் உட்காரும் அமைப்பு) வரைந்து வைத்திருக்கிறாராம். ஸிப் செய்து நண்பர்களுக்கு அனுப்பினால் போதுமா, வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா என்கிறார்.

ஸிப் செய்து அனுப்பலாம். நானும் அப்படித்தான் அனுப்பினேன். வாங்கிய நண்பர் பத்து போர்டுக்கு ஆர்டர் கொடுத்து, ஒன்றைச் சால்டரும் செய்து எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

சாதாரண ஆஸிலேட்டர் மாட்யூல்தான். மின்சாரம் கொடுத்தோம், எல்இடி எரிந்தது. அவுட்புட் ஜாக்கின் டிப் காலில் (சிக்னல் போகும் கால்) ஸ்கோப்பை (அலையைத் திரையில் காட்டும் கருவி) வைத்தோம், ரம்பப்பல் மாதிரி அழகான அலை. கேபிளைச் செருகினோம், சத்தமே இல்லை. கேபிளை உருவினால் ஸ்கோப்பில் மறுபடி அலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆப்-ஆம்பை மாற்றினோம், கேபிளை மாற்றினோம், மிக்ஸரையே சந்தேகப்பட்டோம். சாயங்காலம் காபி குடிக்கும்போதுதான் போர்டைத் திருப்பிப் பார்க்கத் தோன்றியது.

நாம் எல்லோரும் பயன்படுத்தும் அந்தச் சின்ன 3.5 மி.மீ. ஜாக்குக்கு (தோங்கிகான் என்கிறார்களே, அதுதான்) மூன்று கால். ஒரு ஓரத்தில் ஸ்லீவ் (கிரவுண்ட்), அதை ஒட்டி ஸ்விட்ச் கால், எதிர் ஓரத்தில் டிப். நான் ஃபுட்பிரிண்ட் வரையும்போது வரிசையாக 1, 2, 3 என்று எண் போட்டிருந்தேன். சிம்பலை வேறொரு நாள் வரைந்தேன்; அதில் ஸ்லீவ் 1, டிப் 2, ஸ்விட்ச் 3. ஆக, டிப்புக்குப் போக வேண்டிய சிக்னல் ஸ்விட்ச் காலுக்குப் போய்விட்டது. கேபிள் இல்லாதபோது டிப்பும் ஸ்விட்ச்சும் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும், அதனால் ஸ்கோப்பில் எல்லாம் சரியாகத் தெரியும். கேபிளைச் செருகிய நொடியே ஸ்விட்ச் விலகிவிடும், சிக்னலும் அதோடு போய்விடும். கீகேடின் தானியங்கிச் சோதனைகளான ஈஆர்சி, டிஆர்சி இரண்டும் வாயே திறக்கவில்லை. சிம்பலின் 2ஆம் கால் ஃபுட்பிரிண்ட்டின் 2ஆம் பேடோடு (கால் சால்டர் ஆகும் இடம்) சேர்ந்திருக்கிறதா என்பதுதான் மென்பொருளுக்குத் தெரியும், எது டிப் என்று அதற்கு யார் சொல்வது?

வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், அந்த ஜாக்கை நான் ஒரு போர்டில்கூட வைத்துப் பார்த்திருக்கவில்லை. வரைந்து வைத்திருந்தேன், அவ்வளவுதான். லைப்ரரியில் அதுவும், நான் இருபது முறை சால்டர் செய்த பாட்டும் ஒரே மாதிரி உட்கார்ந்திருந்தன. வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரிய வழியே இல்லை.

அதனால் என் முதல் பதில்: ஒவ்வொரு உதிரியின் விளக்கக் குறிப்பிலும் அது எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதுங்கள். 'போர்டில் வேலை செய்தது', 'தாளில் பொருத்திப் பார்த்தது', 'வரைந்தது மட்டும்' என்று மூன்றே நிலை போதும். ஐம்பதில் பன்னிரண்டுதான் முதல் நிலையில் இருந்தால் அந்தப் பன்னிரண்டை மட்டும் கொடுங்கள்.

தாளில் பொருத்துவது தெரியாதவர்களுக்கு: ஃபுட்பிரிண்ட்டை 1:1 அளவில் அச்செடுத்து (பிரிண்டரில் 'பக்கத்துக்குப் பொருத்து' என்பதை அணைத்துவிட்டு), ஒரு தெர்மாகோல் துண்டில் ஒட்டி, நிஜ உதிரியின் கால்களைக் குத்திப் பார்ப்பது. ஐந்து நிமிட வேலை. கால்களின் இடம் சரியா என்பது தெரிந்துவிடும். எண் சரியா என்பது தெரியாது, அதற்கு மல்டிமீட்டர் வேண்டும். ஜாக்குக்கு நான் இப்போது எண்ணே போடுவதில்லை. கீகேடின் சொந்த லைப்ரரியில் இருப்பது போல எஸ் (ஸ்லீவ்), டி (டிப்), டிஎன் (ஸ்விட்ச்) என்று எழுத்தாகவே வைத்துவிட்டேன். எண் குழம்பும், எழுத்து குழம்பாது.

டிரான்சிஸ்டரிலும் இதே வம்பு உண்டு. தட்டையான முகத்தை நம் பக்கம் வைத்துப் பார்த்தால் 2என்3904இன் கால்கள் இடமிருந்து எமிட்டர், பேஸ், கலெக்டர். பிசி547 அப்படியே தலைகீழ். சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் பிசி547 கிடைத்துவிடும் என்பதால் வெளிநாட்டு சர்க்யூட்டில் 2என்3904 இருந்த இடத்தில் நாம் அதைத்தான் சொருகுவோம். உங்கள் லைப்ரரியில் வெறும் 'என்பிஎன்' என்று ஒரு சிம்பல் மட்டும் இருக்கக் கூடாது. ஈபிசி, சிபிஈ என்று கால் வரிசை பெயரிலேயே தெரிய வேண்டும்.

'கீகேடிலேயே இந்த ஜாக்கும் ஆல்ஃபா 9 மி.மீ. பாட்டும் இருக்கின்றனவே, எதற்குத் தனி லைப்ரரி?' என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். என் பதில், மையப்புள்ளி (ஃபுட்பிரிண்ட்டின் இடத்தை அளக்கும் தொடக்கப்புள்ளி). கீகேடின் விதிப்படி துளை வழியாகப் பொருத்தும் உதிரிகளுக்கு 1ஆம் கால்தான் மையம். மற்ற வேலைகளுக்கு அது சரி. சின்த்தில் போர்டுக்கு மேலே ஒரு பேனல் வருகிறது, அதன் துளைகள் பாட்டின் தண்டுக்கும் ஜாக்கின் வாய்க்கும் நேராக இருந்தாக வேண்டும். பேனல் அகலத்தை அளக்கும் அலகான 1 எச்பி என்பது 5.08 மி.மீ.; அந்தக் கணக்கில் நான் இடம் குறிக்கும்போது தண்டின் மையம் எங்கே என்பதுதான் எனக்கு வேண்டும், 1ஆம் கால் எங்கே இருந்தால் என்ன? எனவே என் ஃபுட்பிரிண்ட்களில் தண்டே மையம். கூடவே ஒரு யூசர் லேயரில் (நம் குறிப்புக்கான அடுக்கு) பேனல் துளைக்கு ஒரு வட்டம் (ஜாக்குக்கு 6 மி.மீ., பாட்டுக்கு 7, அதற்கு மேல் ஒரு மயிரிழை), குமிழுக்கு இன்னொரு வட்டம். இரண்டு குமிழுக்கு நடுவே விரல் நுழையுமா என்பது அப்போதே தெரிந்துவிடும். தனி லைப்ரரி வைத்துக்கொள்ள இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. மற்றபடி டிஎல்072, எல்எம்13700 போன்ற ஐசிகள் எல்லாம் கீகேடிலேயே இருக்கின்றன, அவற்றை நகலெடுத்துக் கூட்டம் சேர்க்காதீர்கள்.

பவர் கால்கள் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய சிம்பல்களில் அவற்றை மறைத்து வைக்கும் பழக்கம் இருந்தது. மறைத்த பவர் காலை அதன் பெயரிலேயே உள்ள நெட்டோடு (ஒன்றாக இணைந்த கால்களின் தொகுதி) கீகேட் தானாகச் சேர்த்துவிடும். உங்கள் சிடி40106இல் மறைந்திருக்கும் காலின் பெயர் விடிடி, அதே போர்டில் மைக்ரோகன்ட்ரோலரின் 3.3 வோல்ட் நெட்டுக்கும் விடிடி என்று பெயர் என்றால், 12 வோல்ட்டில் ஓட வேண்டிய ஐசி 3.3இல் ஓடும். எல்லாக் கால்களையும் வெளியே தெரியும்படி வையுங்கள். யூரோராக்கின் பத்துக்கால் பவர் கனெக்டருக்குத் தனிச் சிம்பலே வரைந்து, 1, 2 மைனஸ் 12, 3 முதல் 8 வரை கிரவுண்ட், 9, 10 பிளஸ் 12 என்று பெயரோடு எழுதிவிடுங்கள். பவர் கேபிளின் சிவப்புக் கோடு மைனஸ் 12 பக்கம் என்பதை சில்க்ஸ்கிரீனில் (போர்டின் மேல் அச்சாகும் எழுத்து) போட மறக்க வேண்டாம்.

கோப்பு விஷயம் சுலபம். சிம்பலுக்கு ஒரு கோப்பு, ஃபுட்பிரிண்ட்டுக்கு '.pretty' என்று பெயர் முடியும் ஒரு ஃபோல்டர், 3டி மாடல்களுக்கு ஒரு ஃபோல்டர். மாடல்களுக்கான பாதையில் உங்கள் கணினியின் முகவரி இருக்கக் கூடாது, அதற்குப் பதில் ஒரு பாத் வேரியபிள் வைத்து, அதன் பெயரை ரீட்மீயில் சொல்லிவிடுங்கள். எல்லாமே எழுத்துக் கோப்புகள்தான், கிட்டில் (மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) போட்டால் எந்தக் காலை எப்போது மாற்றினீர்கள் என்பதுவரை தெரியும். புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காது, எனவே எதில் சேமித்தீர்கள் என்று எழுதுங்கள். வெளியிட்ட பிறகு கால் எண்ணை மாற்றவே கூடாது. தவறு என்று தெரிந்தால் புதுப் பெயரில் புதிதாக ஒன்று, பழையதன் குறிப்பில் ஒரு எச்சரிக்கை.

உரிமம்: கீகேடின் லைப்ரரிக்கு கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ 4.0, கூடவே ஒரு விலக்கு. அதை வைத்து நீங்கள் செய்யும் போர்டை அந்த உரிமம் கட்டுப்படுத்தாது. ஆனால் அதிலிருந்து எடுத்துத் திருத்தியதை லைப்ரரியாக வெளியிட்டால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். மாட்யூல் நிறுவனமான மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எமிலி ஜீயே தன் மாட்யூல்களின் ஈகிள் (கீகேட் மாதிரி இன்னொரு மென்பொருள்) கோப்புகளை பிஒய்-எஸ்ஏ 3.0இல் திறந்து வைத்தார். அங்கிருந்து எடுத்திருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள். உற்பத்தியாளர் தளங்களில் இறக்கிய 3டி மாடல்களை விதிமுறை படிக்காமல் உள்ளே போட வேண்டாம். நான் இணைப்பு மட்டும் கொடுக்கிறேன். ஈகிளில் இருப்பவர்களுக்கு: 2026 ஜூனோடு அதை நிறுத்துவதாக ஆட்டோடெஸ்க் 2023இலேயே அறிவித்துவிட்டது, லைப்ரரியைக் கொடுப்பதானால் கீகேடுக்கு மாற்றியே கொடுங்கள்.

அந்தப் பத்து போர்டு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அவுட்புட் ஜாக்குகள் தப்பித்தன, டிப்புக்கும் ஸ்விட்ச்சுக்கும் நடுவே ஒரு துண்டு வயர் போட்டால் போதும். இன்புட் ஜாக்குகளில் அந்தக் குறுக்கு வழி நடக்கவில்லை, ஒவ்வொன்றிலும் இரண்டு டிரேஸை பிளேடால் வெட்டிக் குறுக்காக வயர் இழுக்க வேண்டியிருந்தது. மூன்று போர்டு முடிந்ததும் நண்பர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். மீதி ஏழும் என் அலமாரியில்தான் இருக்கின்றன.