குடத்தில் ஊற்றும் தோட்டம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

காட்சித் தொடர்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் மண்டபத்துக்கும் பெரியபட்டினத்துக்கும் நடுவில் ஒரு கடலோரக் கிராமம். பங்குனிக்குள் பத்து நிமிட டாக்குமெண்டரி ஒன்றை முடித்துக் கொடுக்க வேண்டும். எங்கள் ஊரில் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் 14 பேர், ஊர்ப் பொதுவாகக் கிடந்த மணல் நிலத்தை ஆளுக்கு 2 சென்ட் பிரித்துக் காய்கறி போடுகிறார்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. வகுப்பில் இங்கிலாந்தின் அலாட்மெண்ட் தோட்டங்களை, அதாவது உள்ளாட்சி வாடகைக்குக் கொடுக்கும் சிறு தோட்டத் துண்டுகளைப் பற்றி ஒரு படம் காட்டினார்கள். அதே மாதிரி எடுக்க ஆசை. ஆனால் அக்காமார் கேமராவைப் பார்த்தால் "தோட்டம் நல்லாருக்கு, சந்தோசமா இருக்கு" என்பதற்கு மேல் பேசுவதில்லை. மோட்டார் வைக்கக் கூடாது என்று அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு, அதனால் இருக்கிற ஒரே கிணற்றில் முறை வைத்து இறைத்துக் குடத்தில்தான் ஊற்றுகிறார்கள். படம் மெதுவாகப் போய்ச் சலிப்புத் தட்டுமோ என்று பயமாக இருக்கிறது. "வறண்ட பூமியான ராமநாதபுரத்தில் ஒரு பசுமைப் புரட்சி" என்று பின்னணிக் குரலில் தொடங்கி, டிரோன் ஷாட் வைக்கலாம் என்று யோசனை. உங்கள் கருத்து வேண்டும்.

ம.
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயம்தான் உங்கள் படம். மோட்டார் வைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு. அதை யார் போட்டது, எப்போது போட்டார்கள், யாராவது மீறினார்களா என்று கேட்டீர்களா? கேளுங்கள். "சந்தோசமா இருக்கு" என்பதற்கு மேல் பேச்சு வரும்.

நம் கடற்கரை மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் தனியாகத் தேங்கி நிற்பதில்லை. மழைத்தண்ணீர் மணலில் இறங்கி, கனமான உப்புத்தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நிலத்தடி நீர் படித்தவர்களிடம் இதற்கு ஒரு கணக்கு உண்டு. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம் வரை நல்ல தண்ணீர் இருக்கும். மேலே ஒரு அடி இறங்கினால் உப்பு கீழிருந்து அந்த 40 அடி அளவுக்கு ஏறி வரும். மோட்டாரைப் போட்டு ஒரே மூச்சில் உறிஞ்சினால் கிணற்றுக்கு நேர் கீழே உப்புத்தண்ணீர் கூம்பு மாதிரி மேலெழும். ஒருமுறை உவர் ஏறிய கிணறு தெளிய எத்தனை மழை வேண்டுமோ. தனுஷ்கோடியில் கையால் மணலைத் தோண்டிச் சிரட்டையில் மொண்டு குடிக்கிறார்களே, அதுவும் இந்தத் தண்ணீர்தான். உங்கள் அக்காமார் இந்தக் கணக்கைப் படித்திருக்க மாட்டார்கள். அவர்களுடைய கட்டுப்பாட்டுக்குள் அது இருக்கிறது. குடம் மெதுவாக எடுக்கும், மணல் மெதுவாக ஊறும். இரண்டும் ஒத்துப்போகிறது.

இப்போது சொல்லுங்கள், குடத்தில் ஊற்றுவது சலிப்பான காட்சியா?

ஒரு நாள் விடியற்காலையில் கேமரா இல்லாமல் போய்க் கிணற்றடியில் உட்காருங்கள். முதலில் இறைப்பவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். நான் பார்த்த ஒரு கடலோரத் தோட்டத்தில், முதல் வாளித் தண்ணீரில் கொஞ்சம் உள்ளங்கையில் ஏந்தி நாக்கில் வைத்துப் பார்த்தார் ஒரு அம்மா. துப்பினார். இன்னொரு வாளி இறைத்தார், மறுபடி வைத்துப் பார்த்தார். அப்புறம் அவரைப் பந்தலைத் தாண்டிப் போய்க் கீரைப் பாத்திக்கு ஊற்றினார். அவரைக் கொடி உவரைத் தாங்காது. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த உள்ளங்கையையும் அந்த முகத்தையும் நீங்கள் எடுத்துவிட்டால் பின்னணிக் குரல் எதற்கு?

"வறண்ட பூமி" என்ற அந்த முதல் வாக்கியத்தைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்று அதிகாரிகளை மிரட்டுவதற்கே நம் மாவட்டத்தின் பெயரை வைத்திருந்தார்கள். சினிமாவும் அதையே திரும்பத் திரும்பச் சொன்னது. நம் ஊர்ப் பிள்ளையே அதைச் சொல்லித் தொடங்க வேண்டாம். தங்கச்சிமடத்து மணலில் வேர்பிடித்த மல்லிகைப் பதியன்கள்தான் மதுரைப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போகின்றன. முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இங்கே தண்ணீர் இருக்கிறது. அதைக் கணக்காக எடுக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். உங்கள் படத்தில் அந்த 14 பேர்.

வகுப்பில் பார்த்த படத்தைப் பற்றி. அந்த நாட்டில் அலாட்மெண்ட் என்பது சட்டத்திலிருந்து வருகிறது. 1908-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தேவை இருந்தால் உள்ளாட்சி மன்றம் நிலம் ஒதுக்கித் தரக் கடமைப்பட்டது. வழக்கமான ஒரு துண்டு ஏறக்குறைய 250 சதுர மீட்டர், நம் கணக்கில் ஆறு சென்டுக்குக் கொஞ்சம் மேல். வாடகை கட்டி, தன் துண்டில் தன் விருப்பப்படி பயிர் செய்யலாம். அதனால் அந்தப் படங்கள் ஒவ்வொரு தோட்டக்காரராகப் போய்ப் பேசுவது பொருத்தம். உங்கள் ஊரில் பத்திரமும் இல்லை, வாடகையும் இல்லை, ஒரு கிணறும் முறையும்தான். இன்றைக்கு யார் முறை, பாசிக்குப் போய்விட்டவரின் பாத்திக்கு யார் ஊற்றுவது, பிள்ளை பெற்று வீட்டில் இருப்பவரின் முறை என்ன ஆகிறது? 14 பேரிடமும் பேட்டி எடுத்து அடுக்க வேண்டாம். கிணற்றடியிலேயே நில்லுங்கள். 14 பேரும் அங்கே வந்துதான் ஆக வேண்டும்.

நிலம் யார் பெயரில் என்று தெரியவில்லை என்கிறீர்களே, இதில் மிகவும் கவனமாக இருங்கள். புறம்போக்காக இருந்தால், நீங்கள் அன்போடு எடுத்த படமே யாரோ ஒருவர் மனு எழுதக் காரணமாகலாம். ஊர்ப் பெயர்ப் பலகை, அடையாளம் காட்டும் கட்டடம், எல்லைக்கல் எதுவும் ஃபிரேமில் வர வேண்டாம். உங்களுக்கு மதிப்பெண் முடிந்துவிடும், அவர்களுக்கு அந்த 2 சென்ட் வேண்டும். டிரோன் வேண்டாம் என்பதற்கு அதுவே போதும். போதாதென்றால், பக்கத்தில் உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமானத்தளம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

டிரோன் வாடகைப் பணத்தை மைக்குக்குச் செலவழியுங்கள். பல வருடம் முன்பு, ஆடி மாதம், வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் வேலை செய்த ஒரு அம்மாவிடம் ஒரு மணி நேரம் பேசிப் பதிவு செய்தேன். கணவர் கடலுக்குப் போன நாளைப் பற்றி அவர் சொன்னதை வாழ்க்கையில் மறக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து கேட்டால் தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றின் சத்தம் மட்டும்தான் இருந்தது. மறுவாரம் போனேன். அலுக்காமல் திரும்பச் சொன்னார், ஆனால் பாடம் ஒப்பிப்பது போல வந்தது. முதல் முறை குரல் நின்ற இடத்தில் இப்போது நிற்கவில்லை. இன்றுவரை அது எனக்கு வருத்தம். உங்களுக்கு இது வாடைக் காலம், காற்று வேறு திசையில் அடிக்கும், அவ்வளவுதான். மைக்கைச் சேலைக்கு உள்பக்கம் குத்துங்கள், பேசுபவரின் முதுகு காற்றுக்கு இருக்கட்டும். பேச்சு முடிந்ததும் ஒரு நிமிடம் வெறும் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள்: தென்னை மட்டை உரசுவது, கப்பிக் கயிறு, குடம் விளிம்பில் இடிப்பது. எடிட்டிங்கில் உட்காரும்போது அது தங்கம்.

ஐப்பசி, கார்த்திகையில் கிணறு நிறையும்போது ஒருமுறை, தையில் காய் பறிக்கும்போது ஒருமுறை, பங்குனியில் தண்ணீர் இறங்கும்போது ஒருமுறை. அதே இடத்தில் டிரைபாடை ஊன்றிக் கிணற்றுக்குள் பார்த்து அதே ஷாட்டை எடுங்கள். கயிறு எவ்வளவு நீளம் இறங்குகிறது என்பதே கதை சொல்லும். கல்லூரிக்குக் கொடுத்த பிறகும் நிறுத்த வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகிறவர்கள் வீட்டில் கூலி நிற்கும், கிணறும் அடியில் கிடக்கும். அந்த நாட்களில் முறை எப்படி ஓடுகிறது என்று எனக்கே பார்க்க ஆசை.

படம் முடிந்ததும் கல்லூரிக்கு முன்னால் அவர்களுக்குக் காட்டுங்கள், ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டியாவது. எடுத்துவிடு என்று சொல்வதை எடுத்துவிடுங்கள், காரணம் கேட்க வேண்டாம்.

மைக்குக்கு மாட்டும் காற்றுத்தடுப்பு ஒன்று என்னிடம் சும்மா கிடக்கிறது. விலாசம் எழுதுங்கள், அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்.