வாசகர் கேள்வி, டாக்டர் பதில்: பிள்ளை மூச்சு

கேள்வி: என் மகனுக்கு நாற்பது நாள். தூங்கும்போது மளமளவென்று மூச்சு விடுகிறான், அப்புறம் ஏழெட்டு நொடி சத்தமே இல்லை, எனக்கு உயிரே போய்விடுகிறது. கொரோனா சமயத்தில் வாங்கிய விரல் கிளிப்பை மாட்டினால் ஒரு தடவை 82, அடுத்த தடவை 97. எதை நம்ப?
– ஓர் இளம் தாய், கரூர்

பதில்: கிளிப்பை நம்பாதீர்கள், முதலில் அதை எடுத்து அலமாரியில் வையுங்கள். அது பெரியவர்கள் விரலுக்குச் செய்தது. சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் விரலின் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வரும், நாடி துடிக்கும்போது அது எவ்வளவு மாறுகிறது என்பதை வைத்துத்தான் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று கணக்குப் போடுகிறது (1974-ல் ஜப்பானில் தகுவோ அவோயாகி என்ற பொறியாளர் கண்டுபிடித்த வழி). உங்கள் பிள்ளையின் விரலோ தீக்குச்சி மாதிரி, ஒளி பக்கவாட்டில் கசிந்துவிடும், போதாக்குறைக்கு அவன் கையை உதறுவான். ஆஸ்பத்திரியில் பாதத்தில் பிளாஸ்திரி மாதிரி சுற்றுகிற சென்சார் வேறு. இன்னொன்று, அது காட்டுவது ஆக்சிஜனை, மூச்சை அல்ல; பிள்ளை மூச்சுக்குப் போராடிக்கொண்டிருக்கும்போதுகூட கொஞ்ச நேரம் 96 காட்டலாம்.

சரி, நீங்கள் பயந்த விஷயம். ஐந்து பத்து நொடி நின்று மறுபடி தானாகத் தொடங்குவது சின்னப் பிள்ளைகளுக்குச் சகஜம், உங்கள் பிள்ளையின் நிறம் மாறாதவரை. இருபது நொடி நின்றாலோ, அதற்கு முன்பே உதடும் நாக்கும் நீலம் பாய்ந்தாலோ, துவண்டு போனாலோ யோசிக்காமல் கிளம்புங்கள்.

எண்ணுவது இப்படி: அழாமல், பால் குடிக்காமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு வயிற்றைப் பாருங்கள், ஏனென்றால் பச்சைக்குழந்தை நெஞ்சைவிட வயிற்றால்தான் மூச்சு விடும். ஏறி இறங்கினால் ஒன்று. முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்கினால், அந்தப் பதினைந்தில் ஓர் இடைவெளி விழுந்துவிட்டால் கணக்கே தப்பு. இரண்டு மாதத்துக்குள் 60 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு முறை எண்ணுங்கள், மறுபடியும் அப்படியே என்றால் டாக்டரிடம் போங்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் மூக்கு விடைக்கிறதா, விலா இடுக்கும் நெஞ்சுக்குழியும் உள்ளே இழுக்கிறதா, மூச்சை விடும்போது முனகல் கேட்கிறதா என்று பாருங்கள். இவற்றுக்கு மதிப்பெண் போட்டு 1956-ல் சில்வர்மனும் ஆண்டர்சனும் ஓர் அட்டவணை தந்தார்கள், இன்றும் பச்சிளம் குழந்தை வார்டில் அதைப் பார்க்கலாம். அதில் பூஜ்யம் வாங்குகிற பிள்ளைதான் நல்ல பிள்ளை!

கேள்வி: என் பேரனுக்கு எட்டு மாதம், மூன்று தடவை இளைப்பு வந்துவிட்டது. எனக்குச் செய்த ஊதும் டெஸ்ட் அவனுக்கு ஏன் இல்லை?
– ஒரு தாத்தா, தஞ்சாவூர்

பதில்: ஐயா, ஊது என்றால் அவன் சிரிப்பான். சொன்னபடி இழுத்து ஊத ஐந்தாறு வயதாவது ஆக வேண்டும். கைக்குழந்தைக்கு வேறு வழிகள் உண்டு. தூங்கும்போது முகத்தில் மெத்தென்ற மாஸ்க் வைத்து, போய்வரும் காற்றை அளப்பார்கள். மூன்று கிலோ பிள்ளையின் ஒரு மூச்சு 15 முதல் 20 மில்லி, அதாவது மூன்று நாலு டீஸ்பூன். ஓரத்தில் துளி இடைவெளி இருந்தாலும் அளவு கெட்டுவிடும். இல்லாவிட்டால் நெஞ்சில் ஒரு பட்டை, வயிற்றில் ஒரு பட்டை. இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கினால் நல்லது. வயிறு எழும்போது நெஞ்சு உள்ளே போனால், ஏற்றப்பலகை மாதிரி, எங்கோ காற்றுப் பாதையில் இறுக்கம் இருக்கலாம்.

தூங்க மருந்து கொடுத்து, காற்றடைத்த சட்டையால் நெஞ்சை அழுத்திக் காற்றை வெளியேற்றி அளக்கிற முறையும் இருக்கிறது, பெரும்பாலும் ஆராய்ச்சி மையங்களில். உங்கள் பேரனுக்கு அது தேவைப்படாது. ஸ்டெதாஸ்கோப்பும், எப்போது இளைக்கிறது, வீட்டில் யார் சிகரெட் பிடிக்கிறார்கள் என்ற இரண்டு கேள்வியும் அதைவிட அதிகம் சொல்லும். இரண்டாவது கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லையே, ஐயா?