பிரெஞ்சுப் பெண்ணுக்கு என்ன சமைப்பது? – கடிதம், பதில்

அன்புள்ள ஐயா,

ஸ்டுட்கார்ட் பக்கத்தில் பதினொரு வருடமாக இருக்கிறோம். மகள் எட்டாம் வகுப்பு. பள்ளியில் பிரெஞ்சு எடுத்திருக்கிறாள். அடுத்த மாதம் பிரான்ஸில் ஒரு பள்ளியிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். அதில் ஒரு பெண் ஒன்பது நாள் எங்கள் வீட்டில் தங்குவாள். பிறகு என் மகள் அவள் வீட்டுக்குப் போய்த் தங்க வேண்டும். 'அவுஸ்டவுஷ்' என்கிறார்கள்.

முன்பின் தெரியாத வீட்டில் பெண்ணை எப்படி விடுவது? எல்லாரையும் ஹாஸ்டலில் தங்க வைத்தால் ஆகாதா? இன்னொன்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அந்தப் பெண் ஜெர்மனியைப் பார்க்க வருகிறாள். எங்கள் வீட்டிலோ காலையில் இட்லி, இரவில் சோறு, டிவியில் தமிழ் சீரியல். ஏமாந்துபோக மாட்டாளா? ஒன்பது நாளும் ஜெர்மன் சாப்பாடே செய் என்கிறார் கணவர். நீங்கள் இங்கே கொஞ்ச நாள் இருந்ததாக எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். சமையல் விஷயத்தில் உங்கள் கணவர் பேச்சைக் கேட்காதீர்கள். ஏனென்று பிறகு சொல்கிறேன்.

ஹாஸ்டலில் தங்கினால் அது ஊட்டிச் சுற்றுலா. நாற்பது பேர் ஒன்றாகப் போய், தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டு, ஒன்றாகத் திரும்பிவிடலாம். வீட்டில் தங்குவதில்தான் இந்த ஏற்பாட்டின் உயிரே இருக்கிறது. அதன் கதையும் உங்கள் ஊர்ப் பக்கத்துக் கதைதான். ஸ்டுட்கார்ட்டில் எஸ்-பான் ரயில் ஏறினால் கால் மணி நேரத்தில் லூட்விக்ஸ்பர்க். 1950-இல் அந்த ஊரும் பிரான்ஸின் மோன்பெலியாரும் இரட்டை நகரங்களாகக் கைகோத்தன. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இரண்டு நாட்டு ஊர்களுக்கிடையே அதுதான் முதல் உறவு. அப்போது மோன்பெலியாரின் மேயராக இருந்த லூசியன் தராதான் என்பவர், நாஜிகளின் புகென்வால்ட் வதைமுகாமில் அடைபட்டிருந்தவர். அந்த மனிதர் ஜெர்மன் ஊரோடு கைகுலுக்கினார் என்பதை நான் எத்தனை தடவை யோசித்தாலும் பழகவில்லை.

அதே லூட்விக்ஸ்பர்க் அரண்மனை முற்றத்தில் 1962 செப்டம்பர் 9 அன்று பிரெஞ்சு அதிபர் டி கோல் ஜெர்மன் இளைஞர்களிடம் பேசினார், ஜெர்மன் மொழியில். முதல் உலகப்போரில் ஜெர்மானியரிடம் கைதியாக இருந்தவர் அவர். நாலு மாதம் கழித்து, 1963 ஜனவரி 22-இல், பாரிஸின் எலிசே மாளிகையில் அவரும் மேற்கு ஜெர்மனியின் தலைமை அமைச்சர் அடெனாவரும் இரு நாட்டு நட்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அந்த ஜூலையில் பிரெஞ்சு-ஜெர்மன் இளைஞர் அலுவலகம் பிறந்தது. இதுவரை 90 லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களை அது அக்கரைக்கு அனுப்பியிருக்கிறது. கையெழுத்துப் போடுவது தலைவர்களுக்குச் சுலபம். போரில் அண்ணனைப் பறிகொடுத்த ஒருத்தி, எதிரி நாட்டுப் பிள்ளைக்குப் படுக்கை விரித்துப் போட்டாளே, அதைச் சட்டம் போட்டுச் செய்ய முடியாது.

பிரான்ஸில் பிள்ளைகள் இப்படிப்பட்ட ஜோடியை 'கோரெஸ்' என்பார்கள். 'கோரெஸ்பாண்டான்' என்பதன் சுருக்கம்; கடிதம் எழுதிக்கொண்ட காலத்துச் சொல். நம் பேனா நண்பர்தான். ஃப்ரைபுர்கில் நான் தங்கியிருந்த நண்பர் வீட்டுக்கு அவர் மகனின் கோரெஸ் வந்தான், லியோன் நகரத்துப் பையன், பதினான்கு வயது. முதல் நாள் மாலை ஆறரைக்கு மேசையில் கறுப்பு ரொட்டி, சீஸ், வினிகரில் ஊறிய வெள்ளரி, ஆறிய இறைச்சித் துண்டுகள். மரியாதைக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டான். சாயங்கால டிபன் என்று நினைத்திருக்கிறான், பாவம். எட்டு மணி ஆயிற்று, அடுப்பில் எதுவும் ஏறவில்லை. எட்டரைக்குச் சமையலறையை எட்டிப் பார்த்தான். ஒன்பதுக்குத்தான் நண்பரின் மனைவிக்கு விஷயம் புரிந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு முட்டை பொரித்துக் கொடுத்தார். அந்த ஆறிய தட்டுதான் 'ஆபண்ட்ப்ரோட்', அந்தி ரொட்டி. அந்த வீட்டில் இரவுச் சாப்பாடே அதுதான். மறுநாள் நண்பரின் மகன் கணக்குப் பரீட்சையில் 'ஒன்று' வாங்கிவந்தான். லியோன் பையன் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு நின்றான். அவன் ஊரில் இருபதுக்கு மதிப்பெண். இங்கே ஒன்றுதான் உச்சம், ஆறு கடைசி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதைப் புனிதமாக்கவும் வேண்டாம். பெரும்பாலும் கிம்னாசியம், அதாவது பல்கலைக்கழகப் படிப்புக்குத் தயார் செய்கிற பள்ளி, அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கே வாய்த்த பாக்கியம் இது. தனி அறை இல்லாத வீட்டுக்காரர்கள் கூச்சப்பட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். பிரான்ஸில் இரண்டாம் அயல்மொழி என்றால் இப்போது முக்கால்வாசிப் பேர் ஸ்பானிஷ் பக்கம் போகிறார்கள். ஜெர்மன் வகுப்பு சுருங்கினால் இந்தப் போக்குவரத்தும் சுருங்கும். உங்கள் பள்ளியில் இது நடக்கிறதென்றால், இரண்டு பக்கமும் யாரோ ஓர் ஆசிரியர் பிடிவாதமாக இழுத்துக்கொண்டு போகிறார் என்று அர்த்தம்.

மகளைப் பற்றிய பயம் நியாயமானது. போவதற்கு முன் அந்தக் குடும்பத்தோடு வீடியோவில் பேசுங்கள். கூடப் போகிற ஆசிரியரின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் அழுதுகொண்டே கூப்பிடுவாள், நாலாம் நாள் கூப்பிடவே மாட்டாள். 'வோல்டேர்' என்று ஒரு திட்டம் இருக்கிறது, இந்தப் பக்கம் ஆறு மாதம், அந்தப் பக்கம் ஆறு மாதம். உங்களுக்கு ஒன்பதே நாள்.

இப்போது சமையல். அந்தப் பெண் ஜெர்மனியைப் பார்க்க வருகிறாள், சரி. பதினொரு வருடம் வரி கட்டி, குப்பையை நாலு தொட்டியில் பிரித்துப் போட்டு, பிள்ளையை இங்கே படிக்க வைக்கிற வீடு ஜெர்மனியில் சேர்த்தி இல்லையா? செய்யத் தெரியாத ஸ்பெட்ஸ்லேயை, அந்த ஊர் மாவுப் பண்டத்தை, நீங்கள் ஒன்பது நாள் கிண்டினால் அவள் பார்க்கப்போவது நடிப்பு. யார் கண்டது, அவள் பாட்டி வீட்டில் வட ஆப்பிரிக்கக் கூஸ்கூஸாக இருக்கலாம். ஒவ்வாமை உண்டா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், காரத்தைக் குறையுங்கள், ரொட்டியும் வெண்ணெயும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். காலையில் இட்லியே வையுங்கள்.

சீரியல் உங்கள் இஷ்டம். நானாக இருந்தால் நிறுத்த மாட்டேன். யார் மாமியார், யார் மருமகள், எவள் எவளுக்கு ஏன் விஷம் வைத்தாள் என்று உங்கள் மகள் பிரெஞ்சில் விளக்கியாக வேண்டுமே.

அன்புடன்.