பெரிய ஸ்நூக்கர் ஆட்டக்காரர்கள் வெளிநாட்டுப் போட்டிக்குப் பறக்க ஏன் முனகுகிறார்கள்?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் அண்ணன் ஒருவர் கேட்டிருப்பது இது: சீனாவிலும் சவூதியிலும் பரிசுப் பணம் கொட்டுகிறது. அப்படியிருந்தும் பிரிட்டிஷ் ஆட்டக்காரர்கள் பயணத்தைப் பற்றிக் குறைபடுகிறார்கள், சிலர் போகாமலே விடுகிறார்கள், ஏன்? அவருடைய பதினாறு வயது மகன் ஸ்நூக்கர் சென்டரில் நன்றாக ஆடுகிறானாம். அவனுக்கு இந்தப் பயண வாழ்க்கை சரிப்படுமா என்பது கூடவே வந்த கேள்வி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முனகுகிறவர்கள் எல்லாரும் ஒரே காரணத்துக்காக முனகவில்லை. விமானத்தில் பன்னிரண்டு மணி நேரம் உட்காருவது யாருக்கும் பெரிய விஷயம் இல்லை. செலவு யார் தலையில் விழுகிறது, போய் இறங்கினால் எத்தனை ஆட்டம் நிச்சயம் என்ற இரண்டும்தான் விஷயம்.

தொழில்முறைச் சுற்றில் ஏறக்குறைய 128 பேர். யாரும் சம்பளக்காரர் இல்லை, சொந்தத் தொழில் செய்பவர்கள் மாதிரிதான். டிக்கெட், ஹோட்டல், சாப்பாடு பொதுவாக அவரவர் பணம். 2022-23 பருவத்திலிருந்து ஆளுக்கு 20,000 பவுண்டு வருமான உத்தரவாதம் இருக்கிறது. ஆனால் அது போனஸ் இல்லை, முன்பணம். பரிசாக ஜெயிப்பதில் கழித்துக்கொள்வார்கள். தரவரிசையும் இரண்டு ஆண்டுப் பரிசுப் பணத்தின் கூட்டுத்தொகைதான். உலகப் போட்டி முடிந்ததும் முதல் 64 இடத்துக்குள் இருந்தால் அடுத்த பருவம் இடம் உறுதி. அதற்குக் கீழே இருப்பவருக்கு ஒரு பயணத்தை விட்டால் தரவரிசை இறங்கும், போய்த் தோற்றால் காசு போகும்.

அதிகம் வயிற்றெரிச்சல் கிளப்புவது ஒத்திவைக்கப்பட்ட தகுதி ஆட்டம். சீனப் போட்டிகளுக்கான தகுதிச் சுற்று பெரும்பாலும் இங்கிலாந்திலேயே நடக்கும். தோற்றால் காரில் வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் நடப்புச் சாம்பியன், உலகச் சாம்பியன், சீன முன்னணி வீரர்கள் போன்றோர் சம்பந்தப்பட்ட ஆட்டங்களை அங்கே ஆடாமல் சீனாவில் போட்டி தொடங்கும்போது வைப்பார்கள். உள்ளூர் ரசிகர்கள் நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டுமே, டிக்கெட் விற்கிறவர் பக்கம் நியாயம்தான். ஆனால் தரவரிசையில் எண்பதாம் இடத்தில் இருப்பவருக்குக் குலுக்கலில் அந்தச் சாம்பியன் விழுந்தால், 9 அல்லது 11 பிரேம் (கேம்) ஆட்டம் ஒன்றுக்காகச் சீனா வரை போக வேண்டும். பெரும்பாலும் மறுநாளே திரும்ப வேண்டியும் இருக்கும். அவர் முனகினால் நான் குறை சொல்ல மாட்டேன்.

மேல்மட்டத்தில் கதை வேறு. ரோனி ஓ'சல்லிவன் போட்டிகளை விடுவதில் பெயர் போனவர். ஆனால் 2017, 2018, 2019, 2023 என்று ஷாங்காய் மாஸ்டர்ஸை அடுத்தடுத்து நடந்த நான்கு முறையும் வென்றார். 2018 முதல் அது அழைப்புப் போட்டி, ஆட்டக்காரர்கள் 24 பேர்தான், தகுதிச் சுற்றும் கிடையாது. தூரம் பிடிக்காதவர் ஷாங்காய்க்கு இத்தனை முறை போவாரா? அக்டோபர் 2023-இல் மார்க் செல்பி, ஜான் ஹிக்கின்ஸ், அலி கார்ட்டர், லூகா பிரெசல், தெப்சையா உன்-நூ ஆகிய ஐவர் வட அயர்லாந்து ஓப்பனை விட்டுவிட்டு மக்காவ் காட்சி ஆட்டத்துக்குப் போகத் திட்டமிட்டார்கள். சுற்று நிர்வாகம் ஒழுங்கு நடவடிக்கை என்று எச்சரித்த பிறகுதான் அது நின்றது. வட அயர்லாந்து ஓப்பன் நடந்த பெல்ஃபாஸ்ட் வீட்டுப் பக்கம், மக்காவ் உலகத்தின் மறுகோடி. ஆனால் மக்காவில் பணம் கையில் நிச்சயம்.

பணம் அவ்வளவு இல்லாத தூரத்துப் போட்டிதான் நிஜமாக அடிபடும். ஆஸ்திரேலியாவின் பெண்டிகோவில் 2011 முதல் 2015 வரை ஒரு தரவரிசைப் போட்டி நடந்தது. பெயர் பெற்றவர்கள் பலர் எட்டிப் பார்க்கவில்லை, பிறகு அது அட்டவணையிலிருந்தே போய்விட்டது. இந்திய ஓப்பன் டெல்லி, மும்பை, ஹைதராபாத், விசாகப்பட்டினம், கொச்சி என்று ஊர் ஊராகச் சுற்றி 2019-உடன் நின்றது.

அடுத்தது நேர மாற்றம். ஸ்நூக்கரில் மூச்சு வாங்க ஓட வேண்டியதில்லை, அதனால் ஜெட் லாக் பெரிதாகப் பாதிக்காது என்று நினைப்பார்கள். பாதிக்கும். பத்தடிக்கு அப்பால் இருக்கும் பந்தைத் தொட வேண்டிய இடத்தில் தொட, கண் தெளிவும் கை அமைதியும் வேண்டும், தூக்கம் கெட்டால் முதலில் போவது இவைதான். கோடைக் கணக்கில் சீனா பிரிட்டனைவிட ஏழு மணி நேரம் முன்னே. சீனாவில் பிற்பகல் 2.30 ஆட்டம் லண்டன் உடம்புக்குக் காலை 7.30, இரவு 7.30 ஆட்டம் அதற்கு நடுப்பகல் 12.30. ஆகவே மாலை ஆட்டம் கிடைத்தவருக்கு யோகம். குளிர்காலத்தில் இன்னும் ஒரு மணி நேரம் கூடும். கிழக்கே பறப்பது மேற்கே பறப்பதைவிடக் கடினம். உடம்பின் இயல்பான சுழற்சி 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளம், அதைத் தள்ளிப்போடுவது எளிது, முன்னுக்கு இழுப்பது கஷ்டம். ஒரு மணி நேர வித்தியாசம் சரியாவதற்கு ஒரு நாள் என்று பொதுக்கணக்கு வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் ஒரு வாரம் முன்பே போக வேண்டும். ஒரு வார ஹோட்டல் வாடகை யார் தருவது? ஊர் திரும்பி வந்து இங்கிலாந்தில் இரவு 7 மணி ஆட்டம் ஆடுபவருக்கு, சீன நேரத்துக்குப் பழகிவிட்ட உடம்பில் அது விடியற்காலை 2 மணி. ஏப்ரல், மே மாதம் மாமாக் கடையில் தே தாரிக்கோடு உட்கார்ந்து ஷெஃபீல்டிலிருந்து நேரலையில் உலகப் போட்டி பார்க்கிறவர்களுக்கு அந்த மணிக்கணக்கு நன்றாகவே தெரியும்.

கியூவை, அதாவது ஆடும் கோலை, அனுப்புவது இன்னொரு தலைவலி. சாதாரணக் கியூ 57, 58 அங்குலம். முக்கால் நீளத்தில் கழலும் முக்கால் ஜாயிண்ட் கியூவைக் கழற்றினாலும் நீளமான பாகம் மட்டும் ஒரு மீட்டருக்கு மேல். ஏர் ஏசியா கைப்பை அளவு 56 செ.மீ., அதில் எப்படி அடங்கும்? பாதியில் கழலும் கியூவும் அடங்காது. பிரிட்டிஷ் பாதுகாப்பு விதி கியூவைத் தடுப்பதில்லை, ஆனால் அளவு மீறுவதால் விமானத்தின் சரக்கறையில்தான் போக வேண்டும். சரக்கறையில் என்ன ஆகும் என்பதற்கு ஸ்டீபன் ஹென்ட்ரியே உதாரணம். ஏழு உலகப் பட்டங்களையும் வென்று கொடுத்த கியூ 2003-இல் பாங்காக்கிலிருந்து திரும்பும் வழியில் முறிந்துபோனது. அதனால்தான் அலுமினியக் கேஸோடு நிறுத்தாமல் அதைக் கெட்டியான பிளாஸ்டிக் குழாய்க்குள் வைத்து, இரண்டு முனையிலும் நுரை திணித்து, உள்ளே ஆடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். குழாயைச் செக்-இன் பெல்ட்டில் போடாமல் அளவு மீறிய பைகளுக்கான கவுண்டரில் கையில் கொடுப்பதே நல்லது. விளையாட்டுச் சாமான் கட்டணத்தை டிக்கெட் எடுக்கும்போதே கட்டிவிட்டால் கவுண்டரில் வாய்ச்சண்டை இருக்காது.

கோலாலம்பூர்க் காற்றில் ஈரம் அதிகம், குளிர்கால இங்கிலாந்தில் ஹீட்டர் போட்ட அரங்கம் வறட்சி. ஆஷ் மரம் ஈரத்தை ஏற்றுக்கொள்ளும், விட்டுவிடும். வறண்டால் கொஞ்சம் சுருங்கும், கியூ நுனியில் இருக்கும் பித்தளை வளையமான ஃபெரூல் தளரலாம். போய்ச் சேர்ந்ததும் கேஸைத் திறக்காமல் சில மணி நேரம் அறை வெப்பத்துக்கு விடுங்கள், பிறகு கியூவை மேசையில் உருட்டி நேராக இருக்கிறதா பாருங்கள். கேஸை ஏர்கான் காற்றுக்கு நேராகவோ ரேடியேட்டர் பக்கமோ சாய்த்து வைக்கக் கூடாது. பழக்கப்பட்ட டிப் (கியூ நுனித் தோல்) இரண்டும் அதில் தேய்க்கும் சாக்பீஸும் கைப்பையில் இருக்கட்டும்.

மேசை இன்னும் பெரிய அதிர்ச்சி. போட்டி மேசையில் ஸ்லேட்டுக்கு அடியில் ஹீட்டர் இருக்கும். துணி மெல்லியது, காய்ந்தது, வெள்ளைப் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். நம்மூர் சென்டர்களில் ராத்திரி ஏர்கான் நின்றதும் துணி ஈரம் வாங்கிவிடும், அதே அடிக்குப் பந்து பாதி தூரத்தில் நிற்கும். இங்கே பழகிய கை அங்கே போனால் முதல் நாள் வெள்ளைப் பந்து நிற்க வேண்டிய இடத்தை ஒவ்வொரு முறையும் ஒரு முழம் தாண்டும்.

இனி மகன் விஷயம். நமக்குக் கணக்கு தலைகீழ். கோலாலம்பூருக்கும் சீனாவுக்கும் ஒரே நேரம், குவாங்சோ நாலு மணி நேரப் பறப்பு, 2023 டிசம்பரிலிருந்து மலேசியர்களுக்கு விசாவும் வேண்டாம். ஆனால் தகுதிச் சுற்றும் பயிற்சிக் கூட்டாளிகளும் இங்கிலாந்தில். சீனாவில் ஆடவே ஷெஃபீல்டில் குடியிருக்க வேண்டிய நிலை. டிங் ஜுன்ஹுய் இளம் வயதிலேயே அங்கே போய்த் தங்கினார், பிறகு வந்த சீனப் பையன்கள் பலரும் அப்படியே. பங்கஜ் அத்வானி 2012-இல் சுற்றில் சேர்ந்து 2014-இல் இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இந்தியாவிலேயே இருந்தார். ஈரானின் ஹுசைன் வஃபாயி 2012-இல் இடம் வாங்கியும் விசா கிடைக்காமல் பல போட்டிகளை இழந்தார். மலேசியக் கடப்பிதழுக்கு அந்தத் தொல்லை குறைவு, குறுகிய பயணத்துக்கு விசா வேண்டாம், 2025 ஜனவரியிலிருந்து இணையவழி முன் அனுமதி மட்டும் எடுக்க வேண்டும். அங்கேயே தங்கி ஆடுவதற்கு விளையாட்டு வீரர் விசா, அது வேறு வரிசை.

மலேசியர் போகவே முடியாது என்றில்லை, தோர் சுவான் லியோங் போய் ஆடியிருக்கிறார். பையனுக்கு நான் சொல்வது: இப்போதே லண்டன் டிக்கெட் பார்க்க வேண்டாம். ஆசிய-ஓசியானியக் கியூ ஸ்கூல் (தொழில்முறைச் சுற்றில் இடம் வாங்குவதற்கான தகுதிப் போட்டி) 2022, 2023, 2024 மூன்று ஆண்டும் பாங்காக்கில் நடந்தது, இங்கிருந்து இரண்டு மணி நேரம். அடுத்தது அறிவிக்கப்படும்போது இடத்தைப் பார்த்து மூன்று நாள் முன்பே போய், அந்த ஊரில் ஹீட்டர் மேசை உள்ள சென்டரில் ஆடிப் பார்க்கட்டும். அங்கே இரண்டு மூன்று சுற்று தாண்டினால் ஷெஃபீல்டு வாடகையைப் பற்றிப் பேசலாம்.